எட்டுக் கட்டும் இருபத்தாறு

ஜெர்மனியிலிருந்து திருப்பூருக்கு ஒரு ஃபேக்ஸ் வந்தால் அது பனியன் விஷயமாகத்தான் இருக்கும் என்று கைருதீன் நினைத்ததில் தப்பே இல்லை. அருள்புரத்தில் பல்லடம் சாலையோரம் எஸ்.டி.டி., ஃபேக்ஸ் கடை வைத்திருப்பவர் அவர். பெயர் இருந்த இடம் கறுப்பாய் இழுத்திருந்ததால், முந்தின நாள் சாயங்காலம் வந்த தாளை ஜெர்மனிக்குச் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். அவர்கள் விடிந்தபின் நிதானமாகப் படித்து, "இதுல நட்சத்திரம்னு போட்டிருக்குதுங்க, நம்ம சரக்கு இல்லீங்க" என்று திருப்பிக் கொடுத்தார்கள். நட்சத்திரம் படிக்கும் சைதுன்னிசாவின் கைக்கு அது வந்து சேர்ந்தபோது காலை மணி பதினொன்று.

அவளோடு சேர்ந்து கட்டுரை எழுதும் ஜெர்மனி ஆய்வாளர்கள் அனுப்பிய தாள், நாலே வரி. "உங்கள் நட்சத்திரக் கொத்துப் புள்ளி மங்கிய அதே நேரத்தில் பக்கத்துப் புள்ளியும் மங்கியதா? பார்த்தீர்களா? நாளை எங்கள் நேரம் பகல் பன்னிரண்டுக்குள் எண்ணிக்கையோடு பதில் வேண்டும். பதில் வராவிட்டாலோ, அதுவும் மங்கியிருந்தாலோ உங்கள் பகுதியைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கும்."

நேற்று எழுதிய 'நாளை' இன்றைக்குத்தான்; அங்கே பன்னிரண்டு என்றால் இங்கே மாலை நாலரை.

அவள் பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்திருந்ததால், கைருதீன் கடை நம்பரை ஜெர்மனிக்குக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் ஊருக்கு வந்திருந்தாள். வந்தவள் சும்மா வந்தாளா? துணிமணியைவிடக் கனமாய் ஒரு காகித மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரயிலில் அதைத் தலைக்கு வைத்துப் படுத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பால்வீதியைப் போல இன்னொரு விண்மீன் திரள், ஐந்து கோடி ஒளியாண்டுக்கு அப்பால். அதன் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் கொத்து. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் கொத்து. அதற்குள்ளிருந்து ஒரு புள்ளி எக்ஸ் கதிரைக் கொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு என்றால், சாதாரண நட்சத்திரம் எதுவும் அவ்வளவு கொட்ட முடியாது. ஆக இரண்டில் ஒன்று. அந்தக் கொத்துக்குள் ஒரு கருந்துளை உட்கார்ந்து பக்கத்து நட்சத்திரத்தை விழுங்கிக்கொண்டிருக்க வேண்டும். அல்லது சாதாரணமான பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் ஒன்றாய்ச் சேர்ந்து, தூரத்தில் இருப்பதால் நமக்கு ஒன்றாய்த் தெரிய வேண்டும். அந்தக் காலத்தில், அதாவது தொண்ணூற்று மூன்றில், இந்த மாதிரிக் கொத்துக்குள் கருந்துளையே தங்காது என்று சாதித்தவர்கள் நிறையப் பேர்.

சைதுன்னிசா என்ன கண்டாள்? செயற்கைக்கோள் பூமியை எட்டுமுறை சுற்றி அந்தப் புள்ளியைப் பார்த்ததில், ஐந்தாம் சுற்றிலும் ஆறாம் சுற்றிலும் வெளிச்சம் பாதியாக விழுந்திருந்தது. ஏழில் பழையபடி ஏறிவிட்டது. பத்துப் புள்ளிகள் பேசி வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் மங்குமா? மங்காது. ஆகவே அது ஒன்று. ஒற்றை ஆள். நாலு வருஷப் படிப்பும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நின்றது. உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. அதற்குள் இது அச்சேறினால் பட்டம், இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

ஆனால் மங்கியது நட்சத்திரமா, செயற்கைக்கோளின் கண்ணா? கருவியே சற்று அசந்திருந்தால் படத்திலுள்ள எல்லாப் புள்ளியும் சேர்ந்துதானே மங்கியிருக்கும்! திருப்பூரில் மெஷின் ஒன்று மெதுவாய் ஓடினால் எவனும் முதலில் மெஷினைப் பிரிக்க மாட்டான், தலைக்கு மேலே ஃபேனைத்தான் பார்ப்பான். அதுவும் மெதுவாய்ச் சுற்றினால் வோல்டேஜ் குறைச்சல் என்று டீ குடிக்கப் போய்விடுவான். பனியன் ஊரில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். போன ஜூன் மாதமே பக்கத்துப் புள்ளியைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். 'அது ரொம்ப மங்கல், அப்புறம் பார்க்கலாம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த அப்புறம் வரவே இல்லை. பயம், வேறென்ன. பார்த்து, அது வேறுமாதிரி இருந்துவிட்டால்?

கைருதீன் கடையிலிருந்தே பெங்களூருக்குப் போன் போட்டாள். பேராசிரியர் டெல்லி ரயிலில் இருக்கிறார். கம்ப்யூட்டர் அறையில் ஏ.சி. கெட்டு இரண்டு நாளாய் மெஷினை நிறுத்திப் பூட்டி வைத்திருக்கிறார்கள். போனை வைத்தாள். அப்புறம் வீட்டுக்கு ஓடிப்போய்க் காகித மூட்டையைத் தூக்கி அக்காவின் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் கட்டினாள்.

அக்கா குல்சார் பேகம் அருள்புரத்திலேயே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்குச் சூப்பர்வைசர். அன்று மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். தையல் ஓடவில்லை, தையல் ஓடாததால் செக்கிங்குக்குத் துணியும் வரவில்லை. பதினாறு பெண்கள் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஊர் வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள். முதலாளி சாமியப்பன் பல்லடத்தில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்.

"அக்கா, எனக்கு இந்தப் பொம்பளைங்க வேணும். மூணு மணி நேரம்" என்றாள் சைதுன்னிசா, மூச்சு வாங்க.

"என்னடி, கல்யாண ஊட்டுக்கு சமையலுக்கா கூட்டீட்டுப் போற?" என்று சிரித்த குல்சார், தங்கை முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

மூட்டை பிரிந்தது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம். செயற்கைக்கோளில் வந்து விழுந்த ஒவ்வொரு கதிர்த்துளிக்கும் ஒரு வரி: எந்த நொடியில் வந்தது, படத்தில் எந்த இடத்தில் விழுந்தது என்று மூன்று எண்கள். சுற்றுக்கு இருபத்துநாலு பக்கமாக எட்டுக் கட்டு போட்டாள். கட்டுக்கு இரண்டு பேர். பக்கத்துப் புள்ளி இருக்கும் இடத்தில் விழுந்ததை மட்டும் பொறுக்க வேண்டும்.

"இந்த ரெண்டாவது வரிசையில முந்நூத்திப் பன்னெண்டுலருந்து முந்நூத்திப் பதினெட்டுக்குள்ள இருக்கோணும். மூணாவதுல நானூத்தி நாப்பதுலருந்து நானூத்தி நாப்பத்தாறுக்குள்ள இருக்கோணும். ரெண்டும் இருந்தா மட்டும் அந்த வரியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க. ஒன்னு இருந்து ஒன்னு இல்லீன்னா உட்டுடுங்க."

துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர், அதைத்தான் சொன்னாள். எட்டு மணி நேரம் துணியில் ஊசிமுனை ஓட்டை தேடும் கண்களுக்கு இது ஒரு வேலையா?

"இது என்னத்துக்குங்கம்மிணி?" என்று கேட்டாள் முத்தாயி. நாற்பத்தைந்து வயது, செக்கிங்கில் எல்லோருக்கும் மூத்தவள். குல்சார் இல்லாத நேரத்தில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"வானத்துல ஒரு வெளிச்சம் இருக்குதுங்க்கா. அது சீரா எரிஞ்சுதா, நடுவுல மங்குச்சான்னு பாக்கோணும்."

"சீரா எரிஞ்சா நல்லதுங்களா, மங்குனா நல்லதுங்களா?"

"சீரா எரிஞ்சாத்தான் எனக்கு நல்லதுங்க்கா. மங்கியிருந்தா நாலு வருசம் போச்சு."

இதை அவள் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள்.

பொழுது நகர்ந்தது. ஃபேன் இல்லை, ஜன்னல் வெளிச்சம் மட்டும். பொன்னாத்தாளும் வேலாத்தாளும் ஐந்தாம் கட்டை வைத்திருந்தார்கள். சைதுன்னிசா அவர்கள் பக்கம் போகவே இல்லை. போனால் கண் ஸ்டிக்கரை எண்ண ஆரம்பித்துவிடும். வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வேண்டாம் என்றாள். ஒருக்கா அல்லாவிடம் கேட்டாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஐந்து கோடி வருஷத்துக்கு முன்னால் முடிந்துபோன சங்கதியை இப்போது மாற்றித் தரச் சொல்லவா முடியும்?

மூன்றரைக்கு முத்தாயி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். பேக்கிங் சீட்டின் பின்பக்கம். கட்டு ஒன்று முதல் எட்டு வரை, எதிரே எண்ணிக்கை, அடியில் கோடு, மொத்தம் இருநூற்றெட்டு. சைதுன்னிசாவின் கண் நேராக ஐந்துக்குப் போனது. இருபத்தாறு. ஆறு? அதுவும் இருபத்தாறு. ஒன்று? இருபத்தாறு. மங்கவில்லை! பக்கத்துப் புள்ளி மங்கவே இல்லை! அப்படியென்றால் மங்கியது அவளுடைய புள்ளி மட்டும்தான். அது ஒற்றை ஆள்தான்.

"அக்கா!" என்று கத்திவிட்டாள். குல்சாரைக் கட்டிப்பிடித்தாள், முத்தாயியின் கன்னத்தைக் கிள்ளினாள், தாளை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியை உதைத்தாள்.

கடைக்கு எட்டு நிமிடம். எதிர்க் காற்று, லாரிப் புகை, சாயப்பட்டறை நாற்றம், எதுவும் அவளுக்கு உறைக்கவில்லை. வாய்விட்டுப் பாடிக்கொண்டே போனாள். சாலையில் ஒரு கிழவர் திரும்பிப் பார்த்து என்னவோ சொன்னார். அவருக்கும் கை காட்டினாள்.

கைருதீன் ஜெனரேட்டரை ஓட்டி வைத்திருந்தார். "எழுதிக் குடு கண்ணு, ஒரே நிமிசத்துல அங்க கெடக்கும்" என்றார். அவள் வெள்ளைத் தாளில் எழுத ஆரம்பித்தாள். பார்த்தோம். பக்கத்துப் புள்ளியின் எண்ணிக்கை, சுற்று வாரியாக: இருபத்தாறு. இருபத்தாறு. இருபத்தாறு. இருபத்தாறு.

ஐந்தாவதை எழுதப்போன கை அப்படியே நின்றது.

எட்டும் இருபத்தாறு. வானம் அப்படி எண்ணித் தராது. கதிர்த்துளி வருவது மழைத்துளி விழுவது போல. சராசரி இருபத்தாறு என்றால் ஒரு தடவை இருபத்தொன்று விழும், ஒரு தடவை முப்பத்தொன்று விழும். நாலு வருஷத்தில் அடுத்தடுத்து மூன்று எண்ணிக்கை ஒன்றாய் வந்து அவள் பார்த்ததே இல்லை. எட்டுத் தடவையும் ஒன்று போல வந்தால் அது வானத்து வேலை இல்லை, மனிதர் கை வேலை.

"கண்ணு? மூணே முக்கால் ஆச்சு" என்றார் கைருதீன்.

"இருங்க மாமா, வந்துடறேன். மெஷினை நிறுத்திடாதீங்க."

திரும்பி வந்த எட்டு நிமிடமும் வண்டியை முறுக்கிக்கொண்டே வந்தாள். செக்கிங்குக்குள் நுழைந்ததும், "முத்தாயிக்கா, எண்ணுனது யாரு?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே புதிதாய் இருந்தது.

"எல்லாரும் எண்ணுனமுங்க. கட்டுக்கட்டா ஒன்னு எச்சா இருந்துது, ஒன்னு கம்மியா இருந்துது. நாந்தான் சமன் பண்ணி எழுதுனேனுங்க." முத்தாயிக்கு அதில் பெருமைதான். "மொத்தம் எரநூத்தி எட்டு. எட்டுப் பொட்டிக்குப் போட்டா பொட்டிக்கு இருவத்தாறு. ஒன்னுகூட மிச்சமில்லீங்க."

இதைக் கேட்டு யாரைக் கோபிப்பது? பேக்கிங்கில் ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் ஒரு உருப்படி வித்தியாசம் வந்தாலும் வாங்குகிறவன் மொத்தச் சரக்கையும் நிறுத்திவிடுவான். போன மாதம்தான் அப்படி ஒன்று நடந்து குல்சார் மெமோ வாங்கினாள். கூடக் குறைய இருந்தால் சமன் செய்துதான் சீட்டு எழுத வேண்டும்; செக்கிங்குக்கு வந்த முதல் நாளே சொல்லித்தரும் பாடம் அது. குல்சாரின் தங்கச்சிக்குப் போய்க் குறைபாடான சீட்டைத் தருவாளா முத்தாயி?

"ஸ்டிக்கரைப் பிச்சுட்டீங்களா?"

"இல்லீங்க, அப்புடியேதான் இருக்குது. ஏனுங்கம்மிணி, தப்பாப் போச்சுங்களா?"

சைதுன்னிசா கட்டுகளைக் கீழே இறக்கினாள். முதல் கட்டை எடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். குல்சார் இன்னொரு கட்டை எடுத்தாள். வேலாத்தாள் ஒன்றை எடுக்க வந்தபோது, "நீங்க வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் முகம் வாடியதைப் பார்த்து, "எண்ணுங்க. ஆனா எத்தனை இருக்குதோ அத்தனைதான் சொல்லோணும். சாமி சத்தியமா" என்றாள்.

முதல் கட்டு இருபத்தொன்பது. இரண்டு முப்பத்துநாலு. மூன்று முப்பத்தொன்று. நாலு முப்பத்துமூன்று. பக்கம் புரளும் சத்தம் மட்டும்தான். மணி நாலு ஐந்து.

"அஞ்சு?" என்றாள்.

பொன்னாத்தாள் எண்ணி முடித்துவிட்டாள். திரும்பவும் முதலிலிருந்து புரட்டினாள். "பதினாலுங்க" என்றாள் கடைசியில், தான் திருடிவிட்டது போன்ற குரலில்.

ஆறாம் கட்டைச் சைதுன்னிசாவே எண்ணினாள். பதிமூன்று. ஏழு இருபத்தெட்டு. எட்டு இருபத்தாறு. கூட்டினாள், இருநூற்றெட்டு. முத்தாயி ஒன்றைக்கூடக் களவாடவில்லை. நிறைய இருந்த கட்டுகளிலிருந்து எடுத்து இல்லாத கட்டுகளுக்குப் போட்டிருந்தாள், அவ்வளவுதான்.

ஐந்திலும் ஆறிலும் பாதி. அவளுடைய புள்ளி மங்கிய அதே சுற்றுகளில் பக்கத்துப் புள்ளியும் மங்கியிருந்தது. கண் அசந்தது கருவிதான். நட்சத்திரக் கொத்தில் அந்த வெளிச்சம் இருப்பது உண்மை. அது ஒன்றா பத்தா என்று சொல்ல அவளிடம் இனி ஒன்றும் இல்லை.

குல்சார் தங்கையை வாசலுக்கு இழுத்துப் போனாள். குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு. மொதல்ல எழுதுன சீட்டு உங்கிட்ட இருக்குதில்ல? அதையே அனுப்பு. எழுதுன கை உன்னோடது இல்ல, முத்தாயியோடது. ஜெர்மனிக்காரன் வந்து இந்த ஸ்டிக்கரை எண்ணப் போறானா?"

"அக்கா, பேசாத."

"மார்ச்சுல நீ ஊட்டுல வந்து உக்காந்தா அம்மா என்னைக் கேக்கும். ஊரு உன்னைக் கேக்கும். நான் உனக்காகத்தான சொல்றேன்?"

"பேசாதன்னு சொன்னேன்!" என்று கத்தினாள். உள்ளே பதினாறு தலை திரும்பியது. அக்காமேல் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஏன் பொங்கியது தெரியுமா? திரும்பி வரும்போதே, சாலையில், அதே யோசனை அவளுக்கும் வந்திருந்தது.

முத்தாயி வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். "நானும் வாரனுங்க. எதாச்சும் கேட்டாங்கன்னா நாந்தான் எழுதுனேன்னு நானே சொல்லிப்போடறேன்." யார் கேட்பார்கள், எந்த பாஷையில் சொல்வாள், எதுவும் அவளுக்குத் தெரியாது. பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இறக்கிவிட நேரமில்லை.

கடையில் மணி நாலு இருபத்தொன்று. பாதி எழுதிய தாள் மேஜைமேல் அப்படியே கிடந்தது. இருபத்தாறு என்று நாலு தடவை, கீழே காலி. இன்னும் நாலு தடவை எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அவள் பேனாவை எடுத்தாள். அந்தத் தாளையே ரொம்ப நேரம் பார்த்தாள். கைருதீன் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

அப்புறம் தாளைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தில் எழுதினாள். இருபத்தொன்பது, முப்பத்துநாலு, முப்பத்தொன்று, முப்பத்துமூன்று, பதினாலு, பதிமூன்று, இருபத்தெட்டு, இருபத்தாறு. 'பக்கத்துப் புள்ளியும் மங்கியிருக்கிறது. என் பகுதியை எடுத்துவிடுங்கள்.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

கைருதீன் தாளைச் செலுத்தினார். மெஷின் கிறீச்சிட்டு இழுத்து, அந்தப் பக்கமாய்த் துப்பியது. போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக ஒரு துண்டுச் சீட்டு வந்தது. நாலு இருபத்தேழு.

அவள் கடை வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். முத்தாயி பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டாள். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

"அம்மிணி, நான் ஒழுங்கா எழுதியிருந்தா உங்களுக்கு இத்தன அலச்சல் இருந்திருக்காதில்லீங்க? அங்கயே தெரிஞ்சிருக்கும். நான் ஒரு கெரகம் புடிச்சவ, வேணும்னே பண்ணலீங்க."

"இல்லீங்க்கா." சைதுன்னிசா அந்த முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒழுங்கா எழுதியிருந்தா அங்கயே அழுதிருப்பேன். நீங்க சமன் பண்ணிக் குடுத்ததாலதான் எட்டு நிமிசம் வண்டியில பாட்டுப் பாடீட்டு வந்தேன். நாலு வருசத்துல நான் சந்தோசமா இருந்தது அந்த எட்டு நிமிசந்தானுங்க்கா."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. முத்தாயிக்கு என்ன விளங்கியதோ, அவளும் சேர்ந்து அழுதாள்.